மழை பெய்யாத கரையில் ஒரு வீடு

1960களின் தொடக்கத்தில் தென்கிழக்கு ஸ்பெயினின் மொஹாக்கர் என்ற மலையூரில் வீடு இலவசமாகக் கிடைத்தது. இடிந்து கிடக்கும் வீட்டையோ வெறும் மனையையோ எடுத்துக்கொண்டு கட்டி முடிப்பவருக்கு அதைச் சும்மாவே தருகிறோம் என்றார் அவ்வூர் மேயர் ஹசிந்தோ அலார்கோன். ஊரில் ஆளில்லை என்பதுதான் காரணம். சுற்றுவட்டாரச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. வானமும் கைவிட்டது. பிழைப்புத் தேடி அல்ஜீரியாவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் பார்சலோனாவுக்கும் போனவர்கள் திரும்பவில்லை. மேயரின் அழைப்பைக் கேட்டு ஓவியர்களும் எழுத்தாளர்களும் தூதரக அதிகாரிகளும் வந்தார்கள். அவர்கள் போட்ட தடத்தில் பிரித்தானிய ஓய்வூதியக்காரர்கள் வந்தார்கள். இன்று மொஹாக்கரில் குடியிருப்போரில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளிநாட்டவர்.

அந்த இலவசம் எப்போதோ போய்விட்டது. ஆனால் மொஹாக்கர் அடங்கிய அல்மெரியா மாகாணக் கடற்கரை, ஸ்பெயினின் மத்தியதரைக் கரையில் மலிவானவற்றுள் ஒன்றாகவே இன்றும் இருக்கிறது. அல்மெரியா நகரிலிருந்து மேற்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் மலாகா. அங்கே சதுர மீட்டருக்குக் கொடுக்கும் விலை ஏறத்தாழ இருமடங்கு. வடகிழக்கே போனால் முர்சியாவைத் தாண்டி அலிகான்தே, வானளாவிய விடுதிகளுக்குப் பேர்போன பெனிடோர்ம். இந்த இரண்டு பெரும் சந்தைகளுக்கும் நடுவே, ஒரே வெயிலும் ஒரே கடலும் இருந்தும், 200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு கரை பின்தங்கி நிற்கிறது. வீட்டுத் தரகர்கள் இதை ‘இன்னும் கெடாத ஸ்பெயின்’ என்று விற்கிறார்கள். கெடாமல் எப்படித் தப்பியது, தப்பியதற்கு யார் காரணம், அந்தக் காரணங்களுக்கும் வாங்குபவர் கையில் வந்து சேரும் பத்திரத்துக்கும் என்ன தொடர்பு என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. என் கணிப்பில் இந்தக் கரையின் மலிவும் அழகும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அந்த வேரைப் பாராமல் வாங்கியவர்கள்தான் இங்கே அடிபட்டிருக்கிறார்கள்.

முதல் காரணம் வறட்சி. முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகும் என்று படித்த நமக்கு, பாலை நேரே நெய்தலில் போய் முட்டும் நிலம் புதிது. காபோ தே காட்டா முனையில் ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடத் தேறாது. ஐரோப்பாவிலேயே மிக வறண்ட இடங்களில் அது ஒன்று. கரையிலிருந்து உள்ளே அரை மணி நேரம் போனால் தபேர்னாஸ் பாலைவனம். செர்ஜியோ லியோனே தன் கௌபாய்ப் படங்களை எடுத்தது அங்கேதான். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வின் பகுதிகளும் இந்த மாகாணத்தில்தான் படமாயின. அமெரிக்காவாகவும் அரேபியாவாகவும் நடிக்கத் தெரிந்த நிலம், ஸ்பெயினாக இருந்தபோது பட்டினி கிடந்தது. ஹுவான் கொய்திசோலோ 1960இல் வெளியிட்ட ‘நீஹர் வயல்கள்’ என்ற பயண நூல் அந்த வறுமையைப் பற்றியதுதான். ஆண்டுக்குச் சுமார் 3,000 மணி நேர வெயில், ஜனவரிப் பகலிலும் 16, 17 டிகிரி என்று இன்றைய விளம்பரங்களில் வரும் எண்கள், அன்று ஊரைக் காலி செய்தவர்களை விரட்டிய அதே வானத்தின் கணக்கு.

இரண்டாவது, போக்குவரத்து. விமான நிலையம் 1968இல்தான் வந்தது. கிரனாடா மாகாணக் கரையோரமாக மலாகாவை இணைக்கும் நெடுஞ்சாலை முழுமை பெற்றது 2015இல். கிழக்கே முர்சியாப் பக்கம் போய்வந்த இருப்புப்பாதையை 1985இன் முதல் நாளோடு மூடிவிட்டார்கள். பக்கத்து முர்சியாவுக்கு ரயிலில் நேரே போக முடியாத ஒரு மாகாணத் தலைநகரம் என்றால் நம்பக் கடினம். அல்மெரியாக்காரர்கள் அந்தக் கோபத்தை இன்னும் விடவில்லை.

மூன்றாவது காரணம் வானத்திலிருந்து விழுந்தது. 1966 ஜனவரி 17 அன்று பாலோமாரெஸ் என்ற கிராமத்தின் மேலே, அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானம் ஒன்று நடுவானில் எரிபொருள் நிரப்பும்போது டாங்கர் விமானத்தில் மோதியது. நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் கீழே விழுந்தன. அணுவெடிப்பு நிகழவில்லை. ஆனால் இரண்டு குண்டுகளின் சாதாரண வெடிமருந்து வெடித்து, புளூட்டோனியம் தக்காளி வயல்களில் சிதறியது. ஒன்று தரையில் பெரிய சேதமின்றிக் கிடந்தது. நான்காவது கடலில் மூழ்கியது, அதை மேலே எடுக்க 80 நாள் ஆயிற்று. அது விழுந்த இடத்தைப் பார்த்திருந்த பிரான்சிஸ்கோ சிமோ என்ற மீனவர் சொன்ன அடையாளம்தான் கடைசியில் உதவியது. மார்ச் 8 அன்று, அந்தக் குண்டு கடலடியில் கிடந்தபோதே, சுற்றுலா அமைச்சர் மனுவேல் பிராகாவும் அமெரிக்கத் தூதரும் இந்தக் கரையில் இறங்கி நீந்திக் காட்டினார்கள், புகைப்படக்காரர்கள் சூழ. சுமார் 1,400 டன் மண்ணை அமெரிக்கா பீப்பாய்களில் அடைத்துக் கப்பலேற்றியது. ஆனாலும் ஏறத்தாழ 40 ஹெக்டேர் நிலம் வேலி போட்டே கிடக்கிறது. மிச்ச மண்ணை அகற்ற 2015இல் இரு நாடுகளும் ஒப்புக்கொண்ட பிறகும் வேலை நகரவில்லை.

வேலிக்கு வெளியே வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கடற்கரைக் குடியிருப்புகள் வேலிக்கு அப்பால்தான் இருக்கின்றன, ஆண்டுதோறும் விற்கின்றன. பயத்தைவிட முக்கியம் ஒன்று உண்டு. அப்பகுதியில் தோண்டவும் கட்டவும் உள்ள கட்டுப்பாடு எந்த மனை வரை நீள்கிறது என்பதை ஊராட்சியில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இந்த ‘எழுத்தில்’ என்ற சொல் பின்னாலும் வரும்.

இவையெல்லாம் விதி. மனிதர்கள் வேண்டுமென்றே காத்த கதையும் ஒன்று உண்டு. சான் ஹோசே கிராமத்தை அடுத்த ஹெனோவேசஸ், மோன்சுல் கடற்கரைகளில் இன்றும் ஒரு கட்டடமும் இல்லை. ‘இண்டியானா ஜோன்ஸ்’ படத்தில் வந்த கரை மோன்சுல். அந்தப் பெரும் பண்ணை நிலத்தின் உரிமையாளர் பிரான்சிஸ்கா தியாஸ் தோரெஸ். ஊரார் ‘தோன்யா பகீத்தா’ என்பார்கள். விடுதி கட்டக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் கடைசி வரை விற்க மறுத்தவர். 2014இல் இறந்தார். 1987இல் காபோ தே காட்டா–நீஹர் இயற்கைப் பூங்கா அறிவிக்கப்பட்டு, கடலும் கரையும் சேர்த்துச் சட்டப் பாதுகாப்பு வந்தது. 1997இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் என்றது. சான் ஹோசே, லாஸ் நெக்ராஸ், ரொடால்கிலார், அகுவா அமார்கா போன்ற ஊர்களின் எல்லைக்குள் மட்டும் கொஞ்சம் கட்டலாம், வெளியே முடியாது. ஆகவே இந்தச் சிற்றூர்களில் வீடு மலிவில்லை. மாகாணத்தின் விலை உயர்ந்த கரை இதுதான். ‘அல்மெரியா மலிவு’ என்று கேட்டு வருபவர் அகுவா அமார்காவின் வீட்டு விலையைக் கேட்டுத் திரும்பிப்போவது வழக்கம். அந்த ஊர்ப் பெயருக்குக் கசப்பு நீர் என்று பொருள்.

பூங்காவின் எல்லைக் கோடு எவ்வளவு வலுவானது என்பதற்குச் சாட்சியாக எல் அல்கரோபிகோ விடுதி நிற்கிறது. கார்போனேராஸ் அருகே, கடலை ஒட்டிய சரிவில், 20 மாடி, 411 அறைகள். ஊராட்சித் திட்டப்படி அது கட்டத்தக்க நிலம். பூங்காவின் திட்டப்படி காக்கவேண்டிய நிலம். கடற்கரைச் சட்டப்படி, கட்டடம் எழும்பக் கூடாத 100 மீட்டர் வளையம். 2003இல் ஊராட்சி அனுமதி தந்தது. பெரும்பகுதி கட்டி முடிந்த நிலையில் 2006இல் நீதிமன்றம் நிறுத்தியது. 2016இல் உச்ச நீதிமன்றம் அது கட்டக்கூடாத நிலமே என்றது. 2014இல் கிரீன்பீஸ் ஆட்கள் முகப்பில் ‘சட்டவிரோத விடுதி’ என்று பெரிய எழுத்தில் எழுதிவைத்தார்கள். இடிப்பது யார் செலவு என்ற வழக்கிலேயே ஆண்டுகள் ஓட, 2025இல் மத்திய அரசு நிலத்தைக் கையகப்படுத்தும் வேலையைத் தொடங்கியது. ஒரு விருந்தாளிகூடத் தங்கியதில்லை. இந்தக் கதையில் வீடு வாங்குபவருக்கு உரிய செய்தி ஒன்று உண்டு. ஒரே மனைக்கு மூன்று அலுவலகங்கள் மூன்று பதில் சொல்லலாம். ஊராட்சியின் முத்திரை ஒன்றே போதாது.

அந்தப் பாடத்தைச் சாதாரண மக்கள் கற்ற இடம் வேரா என்ற ஊர். 2008 ஜனவரியில் அங்கே ஓய்வுபெற்ற பிரித்தானியத் தம்பதியின் வீட்டை இயந்திரம் வந்து இடித்தது. ஊராட்சி கொடுத்த கட்டட அனுமதியோடு கட்டிய வீடு. அந்த நிலம் விவசாய நிலம், அனுமதி செல்லாது என்று ஆண்டலூசிய மாநில அரசு வழக்குப் போட்டு வென்றிருந்தது. வீடு போனபின் அவர்கள் மிஞ்சிய கார் ஷெட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். பிரித்தானியப் பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின. அல்மெரியா என்ற பெயருக்கு லண்டனில் ஏற்பட்ட பழி அணுகுண்டால் வந்ததைவிட நீண்டது என்று தோன்றுகிறது.

வேராவுக்குப் பின்னால் அல்மன்சோரா ஆற்றுப் பள்ளத்தாக்கு. அல்போக்ஸ், அர்போலேயாஸ், சுர்ஹேனா போன்ற ஊர்களில் 2000களின் வீட்டு மோகத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் விவசாய நிலத்தில் எழுந்தன. தரகரும் கட்டியவரும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்து, ‘பின்னால் ஒழுங்காகிவிடும்’ என்று வாங்குபவரிடம் சொன்னார்கள். அப்ரூவல் இல்லாத மனையை விற்கும் வாக்கியம் உலகெங்கும் ஒன்றுதான் போலும். ஆண்டலூசியா முழுவதும் இத்தகைய முறையற்ற வீடுகள் சுமார் 3 லட்சம் என்பது அரசே சொன்ன மதிப்பீடு. சிலவற்றுக்கு மின் இணைப்பு இல்லை, சிலவற்றுக்குக் குடிநீர் லாரியில் வந்தது. வாங்கியவர்கள் சங்கம் வைத்து, ஊர்வலம் போய், வழக்காடினார்கள். அதன் பலனாக 2015இல் ஸ்பானியச் சட்டம் மாறியது: நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு இழப்பீடு உறுதி செய்த பிறகே நீதிபதி இடிக்க உத்தரவிடலாம். 2019இலும் 2021இலும் ஆண்டலூசியா கொண்டுவந்த சட்டங்கள், கட்டி முடிந்து ஆறு ஆண்டு கடந்த பல வீடுகளுக்கு ஓர் இடைநிலைச் சான்று தர வழி செய்தன. இடிக்கமாட்டோம், தண்ணீர் மின்சாரம் தரலாம், ஆனால் கூடுதலாக ஓர் அறையும் கட்டக்கூடாது என்பது அதன் சாரம். ‘ஆஃபோ’ என்று அதன் முதலெழுத்துகளால் அங்கே எல்லாரும் சொல்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட நிலம், கடற்கரை வளையம், வெள்ளப் பாதை ஆகியவற்றில் உள்ள வீட்டுக்கு அந்த ஆறு ஆண்டுக் கணக்கு பொருந்தாது. அங்கே காலம் கடப்பதால் தப்பு சரியாவதில்லை.

ஆகவே இங்கே ஆவணம் பார்ப்பது ஒரு கலை. நம் வில்லங்கச் சான்றுக்கு நிகராக ‘நோத்தா சிம்ப்ளே’ என்ற பதிவுத் துறைத் தாள் பத்து யூரோ அளவில் கிடைக்கும். உரிமையாளர் யார், அடமானம் உண்டா என்பதை அது சொல்லும். ‘கதாஸ்த்ரோ’ என்ற வரி நில அளவைப் பதிவு வேறொன்று. இரண்டிலும் பரப்பளவு பொருந்தாமல் இருப்பது சர்வசாதாரணம், நீச்சல் குளமும் பின்கட்டும் எதிலும் இல்லாமல் இருப்பது அதைவிடச் சாதாரணம். இரண்டுமே வீடு சட்டப்படி கட்டப்பட்டதா என்று சொல்லாது. அது ஊராட்சியின் திட்டப் பிரிவிலிருந்து வர வேண்டும். நோட்டரி முன் கையெழுத்தாகும் பத்திரத்தைப் பார்த்து ‘அரசே சரிபார்த்துவிட்டது’ என்று நம்புவதுதான் அல்மன்சோராவில் நடந்த தவறு. நோட்டரி ஆளையும் அடமானத்தையும் பணப் பரிமாற்றத்தையும் பார்ப்பவர். வீட்டைப் போய்ப் பார்ப்பவரல்ல. பிறகு அர்ராஸ் என்ற முன்பண ஒப்பந்தம், வழக்கமாக விலையில் 10 சதவீதம். வாங்குபவர் பின்வாங்கினால் அது போகும், விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். இந்தத் தாளில் கையெழுத்திடும் முன்பே, விற்பவரோடும் தரகரோடும் சம்பந்தமில்லாத ஒரு வழக்கறிஞர் அருகில் இருக்க வேண்டும். தரகரே சிபாரிசு செய்யும் வழக்கறிஞர் யாருக்கு வழக்கறிஞர் என்பது கேட்க வேண்டிய கேள்வி.

தண்ணீர் விஷயத்தில் இந்த நிலம் இரண்டு விதமாக ஏமாற்றும். முதலாவது, இல்லாமை. கோர்த்திஹோ எனப்படும் பழைய பண்ணை வீடுகளின் பக்கத்தில் வளைகூரை போட்ட அல்ஹீபே தொட்டிகள் இருக்கும். அரபுக் காலத்திலிருந்து வரும் மழைநீர்ச் சேமிப்பு முறை அது. புகைப்படத்தில் அழகாக இருக்கும் அந்தத் தொட்டி, குழாய்த் தண்ணீர் வராததன் அறிகுறியாகவும் இருக்கலாம். மேற்கே எல் எஹீதோவைச் சுற்றியும் மாகாணத்தின் பிற இடங்களிலும் சேர்த்து 30,000 ஹெக்டேருக்கு மேல் பிளாஸ்டிக் கூரைப் பசுமைக் குடில்கள் நிலத்தடி நீரைப் பல பத்தாண்டுகளாக உறிஞ்சி வருகின்றன. ஐரோப்பாவின் குளிர்காலத் தக்காளியிலும் குடைமிளகாயிலும் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது. அந்தக் குடில்களில் கூலி வேலைக்கு மொராக்கோவிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் பலர் குடிசைகளில் இருக்கிறார்கள். மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் கடல் எது, பிளாஸ்டிக் எது என்று மதிய வெயிலில் பிரித்தறிவது கடினம். கார்போனேராஸில் கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய ஆலை இருப்பதால் குழாய் வற்றுவதில்லை, ஆனால் அந்தத் தண்ணீருக்கு விலை அதிகம்.

இரண்டாவது, திடீர் வெள்ளம். ரம்ப்ளா என்பது ஆண்டு முழுவதும் மணலாகக் கிடக்கும் ஆற்றுப் படுகை. சில ஊர்களில் அதில் காரே ஓட்டுவார்கள். 2012 செப்டம்பர் 28 அன்று பெய்த பெருமழையில் அந்தாஸ் ஆறு பெருகி, வேரா கடற்கரையில் ‘புவேப்லோ லகூனா’ என்ற குடியிருப்பு நீரில் மூழ்கியது. உயிர்களும் போயின. அது ஆறு கடலில் சேரும் இடத்தில் கட்டிய குடியிருப்பு. பெயரிலேயே காயல் இருந்தது. மழை பெய்யாத ஊர் என்ற எண்ணமே அங்கே ஆபத்து. வெள்ள வரைபடம் அரசு இணையதளத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது, அதைப் பார்க்க வழக்கறிஞர்கூடத் தேவையில்லை.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லலாம். பழைய வீட்டுக்கு ஆண்டலூசியாவில் மாற்று வரி 7 சதவீதம். புதிய வீட்டுக்கு 10 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் 1.2 சதவீத ஆவண வரியும். நோட்டரி, பதிவு, வழக்கறிஞர் என்று மேலும் சில சதவீதம் போகும். விற்பவர் ஸ்பெயினில் வசிக்காதவரானால், விலையில் 3 சதவீதத்தை வாங்குபவரே பிடித்து வரித்துறைக்குக் கட்ட வேண்டும், மறந்தால் பொறுப்பு வாங்கியவர் தலையில். அடுக்ககமானால், முந்தைய உரிமையாளர் சங்கத்துக்கு வைத்த பாக்கியில் நடப்பாண்டும் அதற்கு முந்தைய மூன்றாண்டும் வீட்டோடு சேர்ந்தே வரும். வாடகைக்கு விடாமல் பூட்டி வைத்தாலும் வெளிநாட்டு உரிமையாளர் கற்பித வருமானத்துக்கு ஆண்டுதோறும் வரி கட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தாருக்கு 19 சதவீதம், மற்றவருக்கு 24.

‘சுற்றுலா வாடகையிலேயே தவணை அடைந்துவிடும்’ என்ற வாக்கு இப்போது பழையது. 2025 ஏப்ரல் முதல், அடுக்ககத்தில் அத்தகைய வாடகையைப் புதிதாகத் தொடங்க உரிமையாளர் சங்கத்தில் ஐந்தில் மூன்று பங்கு ஒப்புதல் வேண்டும். அதே ஆண்டு ஜூலை முதல் பதிவு எண் இல்லாமல் இணையத் தளங்களில் விளம்பரம் செய்ய முடியாது. போதாததற்கு அல்மெரியாவின் பருவம் குறுகியது. ஆகஸ்ட் நிரம்பி வழியும், பிப்ரவரியில் பல கடற்கரைக் குடியிருப்புகளில் கடைகூடத் திறந்திருக்காது. கோடைக்கென்று கட்டிய வீடுகளில் குளிர்காலச் சூடேற்றம் கிடையாது, சுவர் ஈரம் எலும்பில் ஏறும். லெவாந்தே, போனியென்தே என்று கிழக்கும் மேற்குமாக மாறி மாறி அடிக்கும் காற்றைப் பற்றி உள்ளூர்க்காரர் பேசுவதைக் கேட்டால், வீட்டின் வாசல் எந்தத் திசை என்பது கடல் தெரிகிறதா என்பதைவிட முக்கியம் என்று புரியும். பிப்ரவரியில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பார்க்காமல் இங்கே வாங்குவதை என்னால் புத்திசாலித்தனம் என்று சொல்ல முடியவில்லை.

வீட்டோடு வசிப்புரிமையும் கிடைக்கும் என்ற கனவும் முடிந்தது. 2013இன் சட்டப்படி 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கியவருக்குக் கிடைத்த ‘தங்க விசா’, 2025 ஏப்ரல் 3 முதல் ரத்து. அந்த விசாவின் பெரும் சந்தை பார்சலோனாவும் மாட்ரிட்டும் மலாகாவும்தான், அல்மெரியாவின் வீடுகளில் பெரும்பாலானவை அந்தத் தொகையை எட்டுவதே இல்லை. பிரெக்ஸிட்டுக்குப் பின் பிரித்தானியரும் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். லண்டனில் குடியேறிய தமிழர்களுக்கும் இதே கணக்கு. இந்தியாவிலிருந்து வாங்க நினைப்பவர் ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் வரம்பில், ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2.5 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். ஆனால் வீடு இருக்கிறது என்பதற்காக விசா வரிசை குறையாது. ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் வாங்கும் வீட்டுக்கு 100 சதவீத வரி போடப்போவதாகப் பிரதமர் பெத்ரோ சான்செஸ் 2025 ஜனவரியில் அறிவித்ததும் நினைவில் இருக்கட்டும். நாடாளுமன்றத்தில் அதற்கு எண்ணிக்கை சேருமா என்பது வேறு கதை.

இத்தனைக்கும் பிறகு யார் இங்கே வாங்கலாம்? ஊர் எல்லைக்குள், பதிவும் அளவும் ஊராட்சித் திட்டமும் ஒன்றுக்கொன்று பொருந்தும் ஒரு வீட்டை, தான் இருந்து வாழ வாங்குபவருக்கு இதைவிட நல்ல கரை மத்தியதரையில் அதிகமில்லை. மீன்பிடித் துறைமுகம் இன்னும் மீன்பிடித் துறைமுகமாகவே இருக்கும் கருச்சா, சுரங்கத் தாதுவைக் கப்பலேற்ற 1904இல் கட்டிய இரும்புப் பாலம் துருத்தி நிற்கும் அல்மெரியா நகரம், எட்டு மீட்டர் நீளப் படிகக் குகை உள்ள புல்பி ஆகியவை ஆண்டு முழுவதும் உயிரோடிருக்கும் ஊர்கள். லாபத்துக்காக வாங்குபவருக்கு அதே உறுதியை நான் தரமாட்டேன். அப்படி வாங்கியவர்கள் கைவிட்ட அரைகுறைக் கட்டடங்கள் 2008க்குப் பிறகு பல ஆண்டுகள் இந்த மாகாணத்தில் எலும்புக்கூடாக நின்றன.

அந்த லாப நம்பிக்கைக்கு இப்போது புதிய பெயர் ரயில். 1985இல் அறுந்த முர்சியா இணைப்பை அதிவேகப் பாதையாகத் திரும்பப் போட்டுவருகிறார்கள். வேரா–அல்மன்சோராவில் ஒரு நிலையம் திட்டத்தில் இருக்கிறது. முடியும் தேதி பலமுறை தள்ளிப்போயிற்று. தரகர்களின் விளம்பரங்களில் அந்த ரயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.